ஆனைமட்டி கொண்டுபோன புருஷன்

கிண்ணியாவில் சங்கு குளிக்கப் போகிறவன் தன் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்கமாட்டான். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் இருந்து பிடிக்கிறவன் அவன் பெண்சாதியின் கூடப்பிறந்தவனாக இருக்கவேண்டும். சொந்தத் தம்பியைக்கூட நம்பி இறங்கமாட்டான். தம்பிக்கு வள்ளத்தின்மேல் ஒரு கண் இருக்கலாம். ஆனால் தங்கச்சியின் கழுத்துக் கருகமணி அறுபடுவதை எந்த அண்ணன், எந்தக் காக்கா விரும்புவான்? மூச்சு முட்டிக் கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால் போதும், மச்சான் உயிரைக் கொடுத்து இழுப்பான். இந்த ஏற்பாட்டில் ஓட்டையே இல்லையென்று ஊர் நம்பியிருந்தது. றுக்கியாவும் நம்பினாள்.

அவள் துறையடிக்குக் கிட்ட, தாய்வழியில் வந்த வளவில் பிறந்து அதே வளவில் வாழ்ந்தவள். பத்து வயதில் உம்மாவுக்குப் பின்னால் கடலோரக் களப்பில் இறங்கினாள். வற்று நேரத்தில் முழங்காலளவு தண்ணீரில் நின்று, காலால் சேற்றைத் துழாவி, பெருவிரலில் தட்டுப்படும் மட்டிச் சிப்பியைக் குனிந்து எடுத்து இடுப்புப் பையில் போடுவது தொழில். சதையை அவித்துச் சந்தைக்கு அனுப்புவாள், ஓட்டைச் சுண்ணாம்புச் சூளைக்குக் கொடுப்பாள். மட்டியின் குணம் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. வாய் திறந்து கிடக்கும் மட்டியில் விரல் பட்டதும் டக்கென்று மூடிவிடும். ஒருமுறை சுண்டுவிரலைக் கவ்விய ஒன்றைக் கல்லில் வைத்து உடைத்துத்தான் விரலை எடுத்தாள். இந்த அறிவுதான் பின்னால் அவளைக் கவிழ்த்தது.

1951இல், பதினெட்டு வயதில், அவளை அபூதாஹிருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆள் உயரம், நெஞ்சு அகலம், பேச்சில் சர்க்கரை. சொந்தமாக ஒரு வள்ளம். பெற்ற வாப்பா மௌத்தாகி அடக்கமாகிவிட்டதால் கலியாணத்தை முன்னின்று நடத்தியவன் அவளுடைய காக்கா முனாப், அவளைவிட மூன்று வயது மூத்தவன். மறுவாரமே மச்சானின் கயிறு அவன் கைக்கு வந்தது.

அபூதாஹிர் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் கதை சொல்லாமல் சாப்பிடமாட்டான். கதைகளில் பெரியது ஆனைமட்டி. சம்பூருக்கு வெளியே, வெளிச்சவீட்டுக்கு அப்பால் கடலுக்கடியில் இருக்கும் கற்பாரில், கல்லோடு கல்லாக அது வாய் பிளந்து கிடக்குமாம். நெல்லுப்பெட்டி அளவு அகலம். வாய்க்குள்ளே நீலமும் பச்சையும் ஊதாவுமாகக் கலியாணப் பட்டு விரித்த மாதிரி இருக்குமாம். அந்த வடிவில் மயங்கித்தான் ஆட்கள் கிட்டப் போவார்களாம். உள்ளே கோழிமுட்டை அளவில் ஒரு முத்து உண்டு, ஆனால் எடுத்தவன் குடும்பம் விளங்காது. கால் மாட்டினால் கயிறும் உதவாது, காலை வெட்டிக்கொண்டுதான் வரவேண்டும். அதற்கென்றே தொடையில் கத்தி கட்டிக்கொண்டு இறங்கியவர்கள் உண்டு. பிடித்த ஆளை அது கரைத்துவிடும், எலும்பும் மிஞ்சாது. திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரனிடம் சுழியோடியாக இருந்தவர்களும் இதையே சொன்னார்கள். வெள்ளைக்காரனே பயப்படுகிறான் என்றால் வேறு அத்தாட்சி எதற்கு?

"சின்ன மட்டியே இந்தப் பிடி பிடிக்குது. அந்தப் பெரிசு என்ன பாடு படுத்தும்! அந்தப் பக்கம் போகாதீங்க" என்பாள் றுக்கியா.

"கயிறு உன்ட காக்காட கையில. பயப்படாத புள்ள" என்பான் அபூதாஹிர்.

1956 சித்திரையில் ஒரு வியாழக்கிழமை காலை மச்சான்மார் இருவரும் வள்ளம் தள்ளினார்கள். பின்னேரம் அசறுத் தொழுகை நேரத்தில் முனாப் மட்டும் திரும்பி வந்தான். கரையில் விழுந்து கதறினான்.

"மட்டி புடிச்சிட்டு! இழுத்தன், இழுத்தன், கயிறு அறுந்து போச்சு!"

அவனுடைய இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து இரத்தம் கசிந்தது. அந்தக் கைகளைப் பார்த்தபின் ஊரில் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. றுக்கியாவும் கேட்கவில்லை. மயக்கம் தெளிந்து எழுந்ததும் அவள் செய்த முதல் வேலை, அந்தக் கைகளைச் சுடுதண்ணீரில் கழுவி, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசித் துணி சுற்றியதுதான். என் புருஷனுக்காகப் பட்ட காயம் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

மூன்று நாள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் கதைக்குப் பொருத்தமாகவே இருந்தது. அப்போது இளம் ஆலிமாக இருந்த ஸைனுலாப்தீன் பள்ளியில் அடக்குவதற்கு மையித்து இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடத்தினார். தண்ணீரில் மௌத்தானவருக்கு ஷஹீதுடைய, உயிர்த்தியாகியுடைய, கூலி உண்டென்று வீட்டுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார். றுக்கியா நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தாள். வெள்ளைச் சேலை கட்டி, வாசலைத் தாண்டாமல், அந்நிய ஆண் முகம் பார்க்காமல் இருந்தாள். வெளியே கதைக்குக் கை கால் முளைத்துக்கொண்டிருந்தது. மூதூரில் ஆனைமட்டி வள்ளத்தையும் சேர்த்து இழுத்ததாகச் சொன்னார்கள். உப்புவெளியில் அதற்குப் பல்லே வைத்துவிட்டார்கள். சங்கு குளிக்கிறவர்கள் பழிவாங்குவதாகச் சொல்லிக்கொண்டு, கண்ணில் பட்ட ஆனைமட்டியையெல்லாம் அலவாங்குக் கடப்பாரையால் குத்தி உடைத்தார்கள்.

வள்ளத்தை அவளே முனாப்பிடம் கொடுத்தாள். கரையில் கிடந்து உக்கவேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் காக்கா என்று கெஞ்சிக் கொடுத்தாள். அவன் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லி, மூன்றாம் தரம் எடுத்துக்கொண்டான். நல்ல பிள்ளை!

1958இல் துறையடித் தேத்தண்ணிக் கடை ஆதம்பாவா, மனைவியை இழந்தவர், அவளைக் கேட்டு ஆள் அனுப்பினார். அதிகம் பேசாத மனிதர். மட்டிக்குப் போய்வரும் பெண்கள் கால் கழுவுவதற்கென்று கடைக்குப் பக்கத்தில் ஒரு பானை நல்ல தண்ணீர் வைத்திருந்தார். அந்தப் பானைக்காகவே றுக்கியாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. வயது இருபத்தைந்து, மடியில் பிள்ளையில்லை. வெட்கத்தை விட்டுக் காக்காவிடம் சொன்னாள்: "எனக்கு விருப்பம்தான்."

முனாப்பின் முகம் சாம்பலாகிப்போனது.

"உனக்கென்ன விசரா புள்ள? ஷஹீதுடைய பெண்சாதி நீ. அங்க அவர் உனக்காகக் காத்துக்கொண்டிருக்க, இஞ்ச நீ இன்னொருத்தனுக்குச் சோறாக்கப் போறியா?"

அவள் கூசிப்போனாள். தன் ஆசையை நினைத்துத் தனக்கே அருவருப்பாக இருந்தது. ஏலாது என்று சொல்லி அனுப்பினாள். ஆதம்பாவா அடுத்த வருடம் வேறு இடத்தில் கலியாணம் செய்தார். ஆறு பிள்ளைகள். கடைக்குப் பின்னால் அவர்கள் போடும் கூச்சல் களப்புவரை கேட்கும். றுக்கியா குனிந்து மட்டி எடுத்துக்கொண்டிருப்பாள்.

இப்படி இருபது வருடத்துக்கு மேல் போனது. முனாப்புக்கு ஒரு வள்ளம் மூன்றானது. கல்வீடு கட்டினான். மேற்குக் கரையில் சங்குப் பருவம் தொடங்கினால் கற்பிட்டிக்குப் போய் இரண்டு மாதம் நின்றுவிட்டு வருவான். வரும்போது தங்கச்சிக்கென்று ஒரு கட்டுக் கருவாடு தவறாமல் கொண்டுவருவான். அவள் அதைச் சுட்டு, அவனுக்கும் பரிமாறித் தானும் தின்பாள். இப்படி ஒரு காக்கா யாருக்குக் கிடைக்கும் என்று பெண்கள் சொல்வார்கள். அவளும் ஓமென்று தலையாட்டுவாள். ஊரில் அவளுக்கென்று ஒரு மதிப்பும் இருந்தது. கலியாண வீட்டில் ஷஹீதுடைய பெண்சாதி என்று முன்னால் கூப்பிட்டுப் பாயில் இருத்துவார்கள். மலடி, விதவை என்று பின்னால் தள்ளப்படவேண்டியவளுக்கு அந்தப் பாய் சின்ன விஷயமில்லை.

1979 ஆவணியில் திருகோணமலையிலிருந்து ஆனந்தராசா என்று ஒரு மீன்பிடி உத்தியோகத்தர் பாதையில், ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவையில், ஏறித் துறையடிக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். இரண்டு பேர் தூக்கமாட்டாமல் தூக்கிவந்த தகரத் தொட்டிக்குள் கடல்தண்ணீர், அதற்குள் உயிரோடு ஓர் ஆனைமட்டி. புறாமலைப் பக்கத்துக் கற்பாரில் எடுத்ததாம், திரும்பவும் அங்கேயே விடப்போகிறாராம். நீங்கள் சும்மா பயந்து இதையெல்லாம் உடைத்துத் தள்ளுகிறீர்கள், வந்து பாருங்கள் என்று ஆதம்பாவாவின் கடை முன்னால் கூட்டம் கூட்டினார். மூன்று வள்ளத்துக்காரனென்று முனாப்பை முன் வாங்குப் பலகையில் இருத்தினார்கள். களப்பிலிருந்து வந்த றுக்கியா ஈரச்சேலையோடு ஓரத்தில் நின்றாள்.

தொட்டிக்குள் அது வாய் திறந்து கிடந்தது. இரண்டு சாண் நீளம். அபூதாஹிர் சொன்ன பட்டு நிறம் அச்சாக அப்படியே இருந்தது. என் புருஷனைத் தின்ற சாதி என்று நினைத்தாள் றுக்கியா.

ஆனந்தராசா சேட்டுக் கையை மடித்துவிட்டு உள்ளே கையை விட்டார். கூட்டம் ஐயோ என்றது. ஓடு அசைந்தது. உடம்பு சரியில்லாதவர் கதவைச் சாத்துகிற மாதிரி, கொஞ்சம் சாத்தி, நின்று, பிறகு கொஞ்சம் சாத்தியது. அவர் பேசிக்கொண்டே கையை எடுத்தார்.

"இது ஆளைத் தின்னாது. இதின்ர சதைக்குள்ள பாசி மாதிரி ஒண்டு இருக்கு, அது வெயிலில சாப்பாடு செய்து குடுக்கும். சுருக்கமாச் சொன்னா வெயில் தின்னுற சாதி."

"இது குட்டி, தம்பி" என்றாள் றுக்கியா. தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "பெரிசுதான் ஆளைப் பிடிக்கும்."

"இல்லை அக்கா. பெரிசாகப் பெரிசாக இன்னும் மெதுவாத்தான் மூடும். மிகவும் பெரிசுக்கு முழுசா வாயை மூடவே ஏலாது. ஒருத்தரையும் இது பிடிச்சதுக்கு ஒரு அத்தாட்சியும் இல்லை. வேணுமெண்டா நீங்களும் கையை வைச்சுப் பாருங்கோ."

அவள் முன்னால் வந்தாள். யாரோ வேண்டாம் என்றார்கள். வலது கையை மணிக்கட்டுவரை விட்டாள். சதை குளிர்ந்து, வழுவழுவென்று இருந்தது. அது சுருங்கிக்கொண்டது. ஓடு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. களப்பு மட்டி டக்கென்று கவ்வும் கவ்வலுக்காக அவள் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். அந்தக் கவ்வல் வரவில்லை. அவசரமில்லாமல் கையை எடுத்தாள். விரல்களைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. இத்தனை காலமும் சின்ன மட்டியைக் கொண்டு பெரிய மட்டியை அளந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது.

திரும்பிப் பார்த்தபோது முன் வாங்கு வெறுமையாக இருந்தது. அதன் கீழே முனாப்பின் செருப்பு மட்டும் கிடந்தது. அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

முனாப் தன் வீட்டு முன்பக்கத்தில் கதிரையில் இருந்தான். அவன் பெண்சாதி பரீதா குசினியில் இருந்தாள்.

"காக்கா, செருப்ப விட்டுட்டு வந்திட்டீங்க."

"வை புள்ள. தலையிடி, அதுதான்."

"அந்த மட்டி மூடுறதுக்குள்ள நான் மூணு தரம் கைய எடுத்திருப்பன். அவர் என்ன, அதுக்குள்ள நித்திரையா கிடந்தவர்?"

"இது வேற சாதி. அது பெரிசு."

"பெரிசுக்கு மூடவே ஏலாதாம். கையக் காட்டுங்க காக்கா."

அவன் காட்டவில்லை. அவள் குனிந்து, மடியில் கிடந்த அவன் கைகளைப் பிடித்துத் திருப்பினாள். அவள் மஞ்சள் பூசிய கைகள். அவளுக்கு ஒரே ஒரு விடைதான் தோன்றியது. அதைக் கேட்டாள்.

"வள்ளத்துக்காக நீங்க அவரக் கொன்னு போட்டீங்களா?"

முனாப் துள்ளி எழும்பினான். எதைக் கேட்டாலும் தாங்கியிருப்பான், இதைத் தாங்க அவனால் முடியவில்லை.

"அல்லாஹ்மேல சத்தியமா இல்ல! அவர் உசிரோட இருக்கார்!"

குசினியில் பாத்திரம் ஒன்று விழுந்தது. அதன்பிறகு எல்லாம் வெளியே வந்தது. அபூதாஹிருக்குச் சங்குப் பருவத்துக்குப் போய்வந்த கற்பிட்டியில் ஒருத்தியோடு முன்னமே தொடுப்பு. அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். றுக்கியாவை விட்டுவிட்டுப் போனால் ஊர் கல்லெறியும். மௌத்தாகிவிட்டால் அழுதுவிட்டுப் பேசாமல் இருக்கும். அன்றைக்குச் சம்பூர்க் கரையில் இறங்கி, கிளிவெட்டிக்கு நடந்து, லொறி ஏறிப் போய்விட்டான். வள்ளம் முனாப்புக்கு. கதையும் அபூதாஹிர் சொல்லிக்கொடுத்ததுதான், சோற்றுக்கு முன்னால் சொல்லிப் பழகிய அதே கதை.

"கை?" என்றாள் றுக்கியா.

"கயித்தப் பனைமரத்தில கட்டி இழுத்தனான்."

"கருவாடு?"

"அவங்கட வளவில காயப்போட்டதுதான். அவர்தான் தந்துவிடுறவர்" என்றான்.

இருபத்திரண்டு வருடம் அவள் சக்களத்தி காயவைத்த கருவாட்டைத் தின்றிருக்கிறாள். சுட்டுக் காக்காவுக்கும் பரிமாறியிருக்கிறாள்.

"ஆதம்பாவா கேட்டு வந்த நேரம் ஏன் தடுத்தாய்?" 

காக்காவை அவள் நீ என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"புருஷன் உசிரோட இருக்கேக்க இன்னொரு கலியாணம் ஹறாம் புள்ள. அந்தப் பாவத்துக்கு நான் எப்படி உடன்படுறது?"

பாருங்கள், இந்த மனிதனுக்கும் பாவத்துக்குப் பயம் இருந்திருக்கிறது! ஒரு தலாக் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். பொய்யாக ஒரு காரணம் சொல்லியாவது அவளை அவிழ்த்து விட்டிருக்கலாம். அப்படிச் செய்தால் வள்ளம் ஏது, மூன்று வள்ளம் ஏது, கல்வீடு ஏது? கயிற்றை மனைவியின் காக்காவிடம் கொடுக்கவேண்டுமென்று வழக்கம் வைத்த பெரியவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள். இறங்குகிறவனும் பிடிக்கிறவனும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் அந்தப் பெண் என்ன செய்வாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"காதியாரிட்ட வந்து நீ சாட்சி சொல்லு. எனக்குப் பஸஹ் வேணும், இந்தக் கலியாணத்த முறிக்கணும்" என்றாள்.

முனாப் கையெடுத்துக் கும்பிடாத குறை. "என்ட மானத்த விடு. உன்ட மதிப்ப யோசி. ஊர் உன்ன ஷஹீதுடைய பெண்சாதி எண்டு வைச்சிருக்கு. நாளைக்கு நீ புருஷன் விட்டுட்டுப் போனவள். இந்த வயசில அது வேணுமா உனக்கு?"

அது நியாயமான கேள்விதான். மூன்று நாள் அவள் களப்புக்குப் போகாமல் அதையே யோசித்தாள். வாயை மூடிக்கொண்டால் பாய் மிஞ்சும், மதிப்பு மிஞ்சும். ஆனால் அந்தப் பாயில் இருக்கும்போதெல்லாம் பனைமரத்தில் கட்டிய கயிறு ஞாபகத்துக்கு வரும். அதோடு, மௌத்தாகிய பிறகு சொர்க்கத்திலும் அந்த மனிதனுக்காகக் காத்திருக்கவேண்டும். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நாலாம் நாள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, கலியாண வழக்குகளைத் தீர்க்கும் காதியார் வீட்டுக்குப் போனாள்.

ஸைனுலாப்தீன் இப்போது தாடி நரைத்த காதியார். முதலில் நம்பவில்லை. அந்த ஜனாஸாவைத் தொழுவித்தவரே அவர்தானே! ஆளனுப்பிக் கூப்பிடப்பட்ட முனாப், அல்லாஹ்மேல் பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சி, தலைகுனிந்து சாட்சி சொன்னபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் முகத்தைத் துடைத்தார். கற்பிட்டி விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அறிவித்தல் போனது. அபூதாஹிர் வரவில்லை, ஒரு வரி பதிலும் இல்லை. தபால் கிடைத்ததற்குக் கையெழுத்து வைத்த அட்டை மட்டும் திரும்பி வந்தது. கலியாணப் பதிவில் இருந்த அதே கையெழுத்து, கடைசி எழுத்தில் அதே சுழிப்பு. றுக்கியா அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அழுகை வருமென்று நினைத்தாள். கோபம்தான் வந்தது.

ஊர்ப் பெரியவர் மூவரை வைத்துக்கொண்டு காதியார் பஸஹ் கொடுத்தார். பிறகு சட்டத்தைச் சொன்னார். "மகள், இண்டையிலிருந்து மூணு மாசம் இத்தா இருக்கணும்."

"இருபத்திமூணு வருஷம் இருந்திட்டன். அதில கழிக்கேலாதா?"

"ஏலாது மகள். அது இத்தா இல்ல."

"அப்ப அது என்ன?"

காதியார் அந்த மூன்று மாதமும் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்று மட்டும் கேட்டார்.

"என்ட தொழில என்ட காக்கா செய்வார்" என்றாள் றுக்கியா. "நாள்தோறும் ஒரு பை மட்டி. கூலிக்கு ஆள் பிடிக்கக்கூடாது. ஏன் எண்டு கேக்கிறவங்களுக்கு உண்மையச் சொல்லவும் வேணும்."

காதியார் முனாப்பைப் பார்த்தார். முனாப் தலையாட்டினான்.

மறுநாள் வற்று நேரத்தில் மூன்று வள்ளத்துக்காரன் முனாப் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு களப்பில் இறங்கினான். காலால் துழாவத் தெரியவில்லை. சேற்றில் இரண்டு தரம் விழுந்தான். பாதையில் போகிறவர்கள், வருகிறவர்கள், ஆதம்பாவா கடையில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். என்ன முனாப் காக்கா, உங்களுக்கேன் இந்த வேலை? அவன் ஒவ்வொருவருக்கும் சொன்னான். தொண்ணூறு நாள் சொன்னான். ஆனைமட்டிக் கதைக்குக் கை கால் வைத்த ஊர் இந்தக் கதைக்கு ஒன்றும் வைக்கவில்லை. உள்ளபடியே கேட்டுவிட்டுப் பேசாமல் போனது.

தினமும் அசறுக்குப் பிறகு பையைக் கொண்டுவந்து தங்கச்சியின் வாசலில் வைப்பான். "புள்ள, றுக்கியா" என்று கூப்பிடுவான். அவள் கதவுக்குப் பின்னாலேயே நிற்பாள். அவன் மூச்சு வாங்குவது கேட்கும். இரண்டாம் மாதத்தில் அவன் விரல்களை மட்டி ஓடு வெட்டி, சீலைத்துண்டு சுற்றியிருந்ததைக் கதவு இடுக்கால் பார்த்தாள். வீட்டில் மஞ்சள் இருந்தது. தேங்காயெண்ணெயும் இருந்தது. அவன் வேலிப் படலையைத் தாண்டிப் போகும்வரை நின்றுவிட்டு, கதவைத் திறந்து பையை மட்டும் உள்ளே எடுத்தாள்.